ஏழாவதை எடுத்துடுங்க

சபை கலையும் வாரம் வந்துவிட்டால் உறுப்பினர்கள் எல்லோருக்கும் ஊர் நினைப்பு வந்துவிடும். பெட்டி கட்டுகிறவர், பேரப்பிள்ளைக்குப் பொம்மை தேடுகிறவர், பெரிய வாசலில் நின்று போட்டோ பிடித்துக்கொள்கிறவர் என்று ஆளாளுக்கு ஓர் அவசரம். கூட்டத்தொடர் முழுக்கத் தூங்கி வழிந்த மசோதாக்கள் மட்டும் அந்த வாரம்தான் திடுக்கென்று விழித்துக்கொள்ளும். எல்லாவற்றையும் கடைசி நாளுக்குள் முடித்தாக வேண்டும் என்பார்கள். கடைசி நாள் என்ன ரப்பரா, இழுத்த இழுப்புக்கு வர? இதைக் கேட்க வேண்டிய இடத்தில் யாரும் கேட்பதில்லை. நேராகப் பட்டியல் பிரிவுக்கு வந்து கத்திவிட்டுப் போவார்கள்.

அப்படிக் கத்துகிறவர்களுக்கெல்லாம் ஒரே முகமாக இருந்து பதில் சொல்கிறவள் பட்டியலம்மா. பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளச் சீட்டில் இருக்கும். மற்றபடி சபாநாயகரிலிருந்து கேன்டீன்காரர் வரை எல்லோருக்கும் அவள் பட்டியலம்மாதான். நாளைக்குச் சபையில் எந்த மசோதா வரும், எதற்குப் பிறகு எது, எதற்கு எவ்வளவு நேரம் என்று வரிசை போடுவது அவள் வேலை. அவள் போட்ட வரிசை அச்சாகி மேசைக்கு வந்துவிட்டால் அமைச்சரே ஆனாலும் அதன்படிதான் எழுந்து பேச வேண்டும். தலைகீழாக நின்றாலும் அவளிடம் ஒரு வரியை மாற்ற முடியாது என்று பேர் வாங்கியிருந்தாள். அந்தப் பேரில் அவளுக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு. இருந்தால் என்ன, உழைத்து வாங்கிய பேர்.

அந்த அறையில் ஒரே ஒரு சொல்லுக்குத் தடை இருந்தது. ‘எடு’ என்ற சொல். மசோதாவைச் சபையில் எடுக்கிறார்கள் என்றால் விவாதித்து நிறைவேற்றப் போகிறார்கள் என்று அர்த்தம். பட்டியலிலிருந்து எடுக்கிறார்கள் என்றால் வெளியே தள்ளுகிறார்கள் என்று அர்த்தம். இரண்டுக்கும் ஒரே சொல்லை வைத்துக்கொண்டு குடித்தனம் நடத்தினால் என்ன ஆகும்? முன்பொரு முறை அது ஆகித் தொலைத்தது. ஓர் அமைச்சர் நீளமான உரையை மனப்பாடம் செய்துகொண்டு வந்து நிற்க, பட்டியலில் அவருடைய மசோதாவே இல்லை. அன்றைக்கு வாங்கிய வசவுக்குப் பிறகு, தொலைபேசிக்கு மேலே ஓர் அட்டை தொங்கவிட்டாள் பட்டியலம்மா. ‘சேர், நீக்கு. வேறு சொல் வேண்டாம்.’ அன்றிலிருந்து யார் ‘எடுங்க’ என்றாலும் உடனே திருப்பிக் கேட்பாள்: “சேர்க்கவா, நீக்கவா?”

அது கட்டடம் முழுக்கப் பரவிய கேலியாகிவிட்டது. கேன்டீனில் பையன் வந்து தட்டை எடுக்கட்டுமா என்றால், சாப்பிடுகிற உறுப்பினர்கள் ஒரே குரலில், “சேர்க்கவா, நீக்கவா?” என்பார்கள். அவளும் சிரித்துக்கொள்வாள்.

வீட்டிலும் அதே கேலிதான். அவள் கணவர் நீச்சல் பயிற்சியாளர். அவர் கத்துக்கொடுத்து நீந்தாத பிள்ளை அந்த வட்டாரத்திலேயே கிடையாது. நாள் முழுக்கத் தண்ணீரிலேயே கிடந்த மனுஷனுக்கு இரண்டு சிறுநீரகங்களும் பழுதாகி, இப்போது ஒரு நாளைக்கு ஒரு சின்னப் பாட்டில் தண்ணீர்தான் அளவு. அதை வாய் வாயாக, நாக்கை நனைத்து நனைத்து, ராத்திரி வரை ஓட்டுவார். பாட்டிலை அவள் எடுத்து வைக்கப் போனால், “சேர்க்கவா, நீக்கவா?” என்று கண்ணடிப்பார். அவர் சிரிக்கச் சிரிக்க அவள் அந்தப் பக்கம் திரும்பிக்கொள்வாள்.

மாற்றுச் சிறுநீரகம் ஒன்றுதான் வழி. அவளுடையது பொருந்தவில்லை. அவருக்கு அப்பா அம்மா இல்லை, கூடப் பிறந்தவர்கள் இல்லை, பிள்ளையும் இல்லை. பொருந்தியது அவள் தம்பியுடையது. அவன் பார்சல் வண்டி ஓட்டுகிறவன், கல்லைத் தின்றாலும் செரிக்கிற உடம்பு. அளவெடுத்துச் செய்தது போல் பொருந்துகிறது என்று மருத்துவரே வியந்துபோனார். ஆனால் சட்டம் ஒத்துக்கொள்ளவில்லை. பெற்றவர், பிள்ளை, உடன்பிறந்தவர், கணவன் மனைவி, இவர்கள் கொடுக்கலாம். மச்சான் கொடுக்கக் கூடாது. சட்டத்தின் கண்ணுக்கு மச்சான் என்றால் தெருவில் போகிற ஆள்.

“அக்காவையே தூக்கிக் குடுத்துட்டோம். கிட்னியைக் குடுக்கக் கூடாதாமா?” என்று மருத்துவமனையில் தம்பி கத்திய கத்தலில் நர்சுகள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள்.

“விடு மாப்ள. சட்டத்துக்குக் கல்யாணமே ஆகல போலிருக்கு,” என்றார் அவர்.

அந்தச் சட்டத்தைத் திருத்தத்தான் இப்போது ஒரு மசோதா வந்திருந்தது. கணவன் வழி, மனைவி வழிச் சொந்தங்களையும் உறவாகச் சேர்க்கும் மசோதா. தாழ்வாரத்தில் அதற்கு மச்சான் மசோதா என்று செல்லப்பெயர். குழுவில் பார்த்தாயிற்று, எல்லாக் கட்சியும் தலையாட்டியாயிற்று; கடைசி ஓட்டு மட்டும்தான் பாக்கி. அந்த ஓட்டு சபை கலைவதற்குள் நடந்தால், கையோடு அறுவைச் சிகிச்சை. நடக்காவிட்டால் அடுத்த கூட்டத்தொடர் மழைக்காலம் முடிந்த பிறகுதான். கணவர் கையிலோ டயாலிசிஸுக்கு ஊசி குத்த நல்ல நரம்பே மிச்சமில்லை. “அதுவரைக்கும் ஓட்டிடலாம்னு நான் வாக்குக் குடுக்க முடியாதும்மா,” என்று மருத்துவர் அவளைத் தனியாகக் கூப்பிட்டுச் சொல்லியிருந்தார்.

இது எதுவும் அலுவலகத்தில் யாருக்கும் தெரியாது. கணவருக்கு உடம்பு சரியில்லை என்று மட்டும் தெரியும். பட்டியலம்மா தன் வீட்டுக்காகப் பட்டியல் போட்டாள் என்று ஒரு வாய் சொல்லிவிட்டால் போதும், அவள் மானமும் போகும், மசோதாவுக்கும் களங்கம் வரும். அதனால் மச்சான் மசோதாவை அது வந்து சேர்ந்த வரிசைப்படியே கடைசி நாள் பட்டியலில் ஏழாவதாக, அதாவது கடைசியாக, வைத்தாள். இரண்டாவதாகவோ மூன்றாவதாகவோ தூக்கிப் போட்டிருந்தால் ஈ காக்கைக்குக்கூடத் தெரிந்திருக்காது. கை துறுதுறுத்தது. கையை மடியில் வைத்து அழுத்திக்கொண்டாள்.

கடைசி நாளுக்கு முந்தின நாள் மாலை, கட்சித் தலைவர்கள் கூட்டம் நடந்துகொண்டிருந்தது. எதை நிறைவேற்றுவது, எதை விட்டுவிடுவது என்று முடிவாகும் கூட்டம். பட்டியல் பிரிவில் இரண்டே பேர்: பட்டியலம்மாவும், அச்சுப்படி பார்க்கிற உதவியாளரும். அவருக்கு முற்றுப்புள்ளி என்று பெயர். வாசற்படியில் நின்றபடியே, மேசையிலிருக்கும் தாளில் புள்ளி விட்டுப்போனதைச் சொல்லிவிடுவார்.

தொலைபேசி அடித்தது. ஆளுங்கட்சிக் கொறடா. பின்னால் நாற்காலிகள் இழுபடும் சத்தமும் பத்துப் பேர் பேச்சும் கேட்டது.

“அம்மா, எழுதிக்குங்க. மூணாவதை முதல்ல கொண்டாங்க. அஞ்சாவதுக்கு நேரத்தைக் குறைங்க, பேச ஆளே இல்ல. ஏழாவதை எடுத்துடுங்க. அவ்வளவுதான்.”

ஏழாவதையா? எல்லோரும் தலையாட்டிய ஏழாவதையா? எத்தனை கூட்டத்தொடர் பார்த்திருக்கிறாள். நேரம் போதாவிட்டால் வெட்டுப்படுவது எப்போதும் பட்டியலின் வால்தான். ஏற்கனவே பட்டியலில் இருப்பதைச் சேர்க்கச் சொல்ல என்ன இருக்கிறது? நீக்கத்தான் சொல்கிறார்.

இருந்தாலும் பழக்கத்தில் கேள்வி தொண்டை வரை வந்துவிட்டது. சேர்க்கவா, நீக்கவா? வாயைத் திறந்தால் அந்தக் கேள்வி அப்படியே வராது என்று அவளுக்குத் தெரிந்தது. அழுகையாக வரும். வேண்டாங்க, நீக்காதீங்க, எங்க வீட்டுக்காரர் செத்துப்போயிடுவாரு என்று வரும். இத்தனை நாள் கட்டிக் காத்தது ஒரு நொடியில் சந்தி சிரிக்கும்.

“சரிங்க,” என்றாள். அந்த ஒரு சொல்லுக்கு மட்டும்தான் குரல் நேராக இருந்தது.

மறுமுனையில் போனை வைத்துவிட்டார்கள். அவள் தன் கையாலேயே ஏழாவது வரியின் மேல் கோடு இழுத்தாள். கோடு கொஞ்சம்கூடக் கோணவில்லை. அதுதான் பின்னால் அவளுக்கு ரொம்ப நாள் ஆறவில்லை.

முற்றுப்புள்ளி தாளை வாங்கிப் பார்த்தார். மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார்.

“என்னம்மா, மச்சான் மசோதா போச்சா? அதை எல்லாரும் ஒத்துக்கிட்டாங்கன்னாங்களே?”

“கொறடா சொல்லிட்டாரு.”

“என்ன சொல்லு சொன்னாரு? கேட்டீங்கல்ல?”

“கேட்டேன்,” என்றாள்.

அவள் பொய் சொல்லி முற்றுப்புள்ளி பார்த்ததில்லை. அதனால் நம்பினார். தாள் அச்சுக்குப் போனது.

வீட்டுக்குப் போனால் கணவர் பாட்டிலின் மூடியில் தண்ணீர் ஊற்றி, அதைத் தேன் நக்குவது போல நக்கிக்கொண்டிருந்தார். நாளை மாலை அவருக்கு டயாலிசிஸ். “நாளைக்கு அந்தப் படுக்கையில படுத்துக்கிட்டே நல்ல சேதி கேக்கப் போறேன், பாரு,” என்றார். அவள் அடுப்படிக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டு, அந்தச் சத்தத்துக்குள் நின்றுகொண்டிருந்தாள். சொல்ல வாய் வரவில்லை. நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம், நாளைக்கு அது உலகத்துக்கே தெரிந்த சேதியாகிவிடும், அப்போது யாரோ செய்ததாகச் சொல்லிவிடலாம் என்று நினைத்தாள். 

மறுநாள் காலை அலுவலகத்தில் நுழைந்ததுமே ஆட்சேபணை வந்து நின்றார். அவர் எந்தக் கட்சியும் சேராத ஒற்றை உறுப்பினர், தலை முழுக்க நரைத்த மனிதர். சபையில் நடக்கும் எதற்கும் ஓர் ஆட்சேபணை சொல்லாமல் அவருக்குச் சோறு இறங்காது என்பதால் அந்தப் பெயர். கெட்டவர் இல்லை. பட்டியலம்மா மீது அவருக்குத் தனி மரியாதை. விதிப்புத்தகத்தை அட்டையிலிருந்து அட்டை வரை படித்த இரண்டே பேர் நாம்தான் என்பார்.

“அம்மா, எங்க தொகுதிப் பாலம் இடிஞ்சு கிடக்குது. இன்னிக்குச் சபையில அதை ஒரு வார்த்தை பேசணும். பட்டியல்ல ஒரு வரி போட்டுக் குடுங்க.”

“பட்டியல் அச்சாகிப்போச்சுங்க.”

“கையால எழுதிடுங்க.”

“பட்டியல்ல இல்லாததைச் சேர்க்கணும்னா சபையே ஒண்ணா சம்மதிக்கணும். ஒரே ஒருத்தர் ஆட்சேபிச்சாலும் முடிஞ்சது. உங்களுக்குத் தெரியாத விதியா?”

வழக்கமாக இதைச் சிரித்துக்கொண்டே சொல்வாள். இன்றைக்கு ராத்திரி முழுக்கத் தூங்காத எரிச்சலில் வெடுக்கென்று சொல்லிவிட்டாள். ஆட்சேபணை ஒரு நிமிடம் அவள் முகத்தைப் பார்த்தார். கோபித்துக்கொள்வார் என்று நினைத்தாள், அவர் கைகூப்பினார்.

“சரிதாம்மா. பாலமே இடிஞ்சாலும் விதி இடியக் கூடாது. நீங்க இருக்கிற வரைக்கும் இந்தச் சபைக்கு ஒரு கவலையும் இல்ல,” என்று சொல்லிவிட்டுப் போனார்.

சபை கூடியது. சபாநாயகரின் மேடைக்கு வலப்பக்கம், தடுப்புக்குப் பின்னால் அதிகாரிகளுக்கு ஓர் இருக்கை வரிசை. அங்கே உட்காருகிறவர்கள் பார்க்கலாம், கேட்கலாம். பேசக் கூடாது, சபை நடக்கும்போது எழுந்து நிற்கவும் கூடாது. பட்டியலம்மா அதில் முதல் இருக்கையில் உட்கார்ந்தாள். மசோதாக்கள் ஒவ்வொன்றாக வந்தன, போயின. கை தூக்கினார்கள், மேசையைத் தட்டினார்கள். கொறடா உள்ளே நிற்கவே இல்லை. ஓட்டுக்கு ஆள் குறையக் கூடாதென்று வாசலுக்கும் கேன்டீனுக்குமாக உறுப்பினர்களை ஓட்டிக்கொண்டு திரிந்தார். இந்த லட்சணத்தில் அவர் மேசைமேல் கிடந்த பட்டியலை எங்கே பார்ப்பது? மற்ற உறுப்பினர்களோ, கடைசி நாள் பட்டியலை விசிறிக்கொள்ளத்தான் கையில் எடுப்பார்கள்.

சாயங்காலம் ஆறாவது மசோதாவும் முடிந்தது. சபாநாயகர் தொண்டையைச் செருமினார்.

“இத்துடன் பட்டியலில் உள்ள அலுவல்கள் முடிவடைகின்றன.”

அப்போதுதான் உள்ளே வந்த கொறடா நின்ற இடத்திலேயே நின்றுவிட்டார். தன் மேசைக்கு ஓடிப் பட்டியலைப் புரட்டினார். பின்பக்கம் திருப்பினார். மறுபடி முன்பக்கம். சபாநாயகரைப் பார்த்து, கொஞ்சம் பொறுங்கள் என்று கை காட்டிவிட்டு, நேராக அதிகாரிகள் தடுப்புக்கு வந்தார். மூச்சு வாங்கியது.

“அம்மா, ஏழாவது எங்க?”

அவளுக்குக் கேள்வியே புரியவில்லை. “நீங்கதானேங்க சொன்னீங்க? ஏழாவதை எடுத்துடுங்கன்னு.”

“ஆமா, சொன்னேன்! எது விழுந்தாலும் பரவாயில்ல, இதை எப்படியாவது எடுத்துடணும்னு எல்லாக் கட்சிக்காரங்களும் ஒத்தைக்கால்ல நின்னாங்க. கடைசியில இருக்கே, நேரமில்லன்னு விட்டுடப் போறாங்களேன்னுதான் உங்ககிட்ட அழுத்திச் சொன்னேன், எடுத்துடுங்கன்னு!”

அவள் கண் முன்னால் கொறடாவின் வாய் அசைந்துகொண்டே இருந்தது. எடுத்துடுங்க. அதே சொல். அதே குரல். நேற்று அது கோடாலியாக விழுந்தது. அவரோ கை கொடுத்துத் தூக்கிவிடத்தான் சொல்லியிருக்கிறார். யாரும் நீக்கச் சொல்லவில்லை. உலகத்தில் ஒருத்தர்கூட நீக்கச் சொல்லவில்லை. அவள்தான் நீக்கினாள்.

“நீங்க கேக்கலியேம்மா,” என்றார் கொறடா. அவர் குரலில் கோபமில்லை, திகைப்புதான் இருந்தது. “எப்பவும் கேப்பீங்களே, சேர்க்கவா நீக்கவான்னு. கேக்கலன்னதும், உங்களுக்கு நல்லாப் புரிஞ்சுடுச்சுன்னு நெனச்சு போனை வச்சுட்டேன்.”

அவள் தடுப்புக் கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

“சரி, விடுங்க. பதறாதீங்க. யாருக்கும் எதிர்ப்பு இல்லாத மசோதாதானே? சபையோட சம்மதம் கேட்டு இப்பவே போட்டுடலாம்,” என்று சொல்லிவிட்டு அவர் தன் இடத்துக்குப் போனார். போய் எழுந்து நின்றார். பட்டியலில் தவறுதலாக ஒரு மசோதா விட்டுப்போயிற்று, அதை இப்போதே எடுத்துக்கொள்ளச் சபை சம்மதிக்க வேண்டும் என்று கேட்டுக்கொண்டார். பெரும்பாலும் எல்லோரும் எழுந்து போகிற பதத்தில், பையும் கையுமாக உட்கார்ந்திருந்தார்கள். முன்வரிசையில் இரண்டொருவர், “ஆகட்டும், ஆகட்டும்,” என்றார்கள். ஆட்சேபணை இதைக் காதில் வாங்கவே இல்லை. பக்கத்து உறுப்பினரிடம் பேத்தியின் போட்டோவைக் காட்டி, அவள் முதல் பல் முளைத்த கதையைச் சொல்லிக்கொண்டிருந்தார்.

“பட்டியலில் இல்லாத இந்த மசோதாவை எடுத்துக்கொள்வதில் யாருக்கேனும் ஆட்சேபம் உண்டா?” என்று கேட்டார் சபாநாயகர்.

சபை அமைதியாக இருந்தது.

அந்த அமைதியைப் பட்டியலம்மாவால் தாங்க முடியவில்லை. இன்னும் ஒரு மூச்சு நேரம் போனால் போதும். சபாநாயகர் வாயைத் திறந்தால் போதும். வீட்டுக்காரருக்குத் தண்ணீர் கிடைக்கும், சொம்பு சொம்பாகக் குடிப்பார், குளத்தில் குதிப்பார். தான் எழுந்தது அவளுக்குத் தெரியவில்லை. கம்பியைப் பிடித்தபடி, முகம் வெளுத்து, சபை நடக்கும்போது முன்பு ஒருநாளும் நிற்காதவள் நின்றுகொண்டிருந்தாள்.

ஆட்சேபணை போட்டோவிலிருந்து தலையைத் தூக்கினார். நிற்கிற அவளைப் பார்த்தார். அவள் முகத்தைப் பார்த்தார். மேடையைப் பார்த்தார். என்ன நடக்கிறதென்று பக்கத்து உறுப்பினரைக் கேட்டார். “பட்டியல்ல இல்லாத எதையோ எடுக்கப் போறாங்களாம்,” என்று அவர் சொன்னது அவள் வரை கேட்டது.

ஆட்சேபணையின் முகம் மலர்ந்தது. வேட்டி சரசரக்க எழுந்தார்.

“உண்டு, தலைவர் அவர்களே! எனக்கு ஆட்சேபம் உண்டு.”

சபை திரும்பிப் பார்த்தது.

“மசோதாவுக்கு நான் எதிரி இல்லை. அடுத்த கூட்டத்தில் முதல் ஆளாகக் கை தூக்குகிறேன். ஆனால் விதி என்று ஒன்று இருக்கிறது. அதோ, வாயே திறக்கக் கூடாத அதிகாரி, பொறுக்க மாட்டாமல் எழுந்தே நின்றுவிட்டார். அவருக்கு இருக்கிற அக்கறை நமக்கு வேண்டாமா?”

இல்லை, இல்லை என்று அவள் தலையை ஆட்டினாள். வாய் திறந்தது, காற்று மட்டும்தான் வந்தது. கொறடா இரண்டு கைகளையும் விரித்து என்னவோ சொன்னார். மேசைகள் தட்டப்பட்டன, யாரோ சிரித்தார்கள். சபாநாயகர் வருத்தமாகத் தலையசைத்தார். ஆட்சேபம் வந்துவிட்டது, அடுத்த கூட்டத்தொடரில் பார்த்துக்கொள்ளலாம், சபை தேதி குறிப்பிடாமல் ஒத்திவைக்கப்படுகிறது என்று மூன்றையும் ஒரே மூச்சில் சொன்னார். மணி அடித்தது. பள்ளிக்கூடம் விட்டது போல எல்லோரும் வாசலுக்குப் பாய்ந்தார்கள்.

தாழ்வாரத்தில் சுவரில் சாய்ந்து நின்றிருந்தாள். கூட்டத்தை விலக்கிக்கொண்டு ஆட்சேபணை வந்தார், பரிசு வாங்கிய பிள்ளையின் முகத்தோடு.

“பாத்தீங்களாம்மா? காலைல நீங்க சொன்னதை மறக்கல. உங்க விதியை நான் காப்பாத்திட்டேன்.”

“அந்த ஏழாவது எங்க வீட்டுக்காரருக்குங்க,” என்றாள் அவள்.

எத்தனையோ மாதம் நெஞ்சுக்குள் பூட்டி வைத்தது, இப்போது எவ்வளவு சுலபமாக வாயைத் தாண்டி வந்துவிட்டது! எல்லாவற்றையும் சொன்னாள். தம்பியின் சிறுநீரகம், மருத்துவரின் பேச்சு, தான் இழுத்த கோடு. ஒன்றை விடவில்லை. கேட்கக் கேட்க ஆட்சேபணையின் முகத்திலிருந்து மலர்ச்சி இறங்கியது; பிறகு நிறமும் இறங்கியது. படிக்கட்டில் அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

“ஏம்மா சொல்லல?” என்றார். “ஒரு வார்த்தை... காலைல வந்தேனேம்மா. உங்க முன்னாடிதானே நின்னேன்? ஏம்மா சொல்லல?”

அவர் உள்ளங்கைகள் இரண்டையும் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். அவரைத் தேற்ற அவளுக்குத் தெம்பில்லை. அப்படியே விட்டுவிட்டு நடந்தாள்.

மருத்துவமனையில் டயாலிசிஸ் கூடம் நிறைந்திருந்தது. இயந்திரங்கள் ஒரே சீராக உறுமிக்கொண்டிருந்தன. கோடியிலிருந்த கட்டிலில் கணவர் படுத்திருந்தார்; பக்கத்து ஸ்டூலில் தம்பி பார்சல் கம்பெனிச் சட்டையோடு உட்கார்ந்து ஏதோ சொல்லிச் சிரிக்க வைத்துக்கொண்டிருந்தான். தலைமாட்டில் அன்றைக்கு உள்ள தண்ணீர்ப் பாட்டில், அடியில் கொஞ்சம் மிச்சத்தோடு நின்றது. இந்தச் சேதியைக் கேட்டுவிட்டுக் குடிப்பதற்கென்று அவர் மிச்சம் பிடித்து வைத்திருக்கிறார் என்று பார்த்ததுமே அவளுக்குப் புரிந்துவிட்டது.

“மாமா, அக்கா வந்துட்டா!”

அவர் தலையைத் திருப்பினார். “என்ன, எடுத்துட்டாங்களா?”

யாரோ செய்ததாகச் சொல்லிவிடலாம் என்று நேற்று நினைத்தாள் அல்லவா? நேரம் போதவில்லை, விட்டுவிட்டார்கள் என்று சொன்னால் அவர் நம்புவார். அவருக்கு அவளை நம்பாமல் பழக்கமில்லை.

“எடுத்துட்டேங்க,” என்றாள்.

“ஆஹா!” என்று தம்பி கையைத் தூக்கிவிட்டான். அவன் காதில் முதல் பாதிதான் விழுந்தது. அவரும் சிரிக்கத்தான் ஆரம்பித்தார். ஆரம்பித்த சிரிப்பு பாதியில் நின்றது. அவளை மேலும் கீழும் பார்த்தார். பிறகு, வீட்டில் எத்தனையோ தடவை கேட்ட அதே கேள்வியை, கண்ணடிக்காமல், மெதுவாகக் கேட்டார்.

“சேர்த்தியா, நீக்கினியா?”

நேற்று இந்த ஒரு கேள்வியை அவள் கேட்டிருந்தால் போதும். கேள்வி அவ்வளவு சின்னது. அதைக் கேட்க எவ்வளவு நேரம் ஆகியிருக்கும் என்று இப்போது காதால் கேட்டுத் தெரிந்துகொண்டாள்.

“நீக்கிட்டேங்க. யாரும் நீக்கச் சொல்லல. நானாத்தான் நீக்கிட்டேன்.”

தம்பியின் கை அந்தரத்திலேயே நின்றது. அவள் கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு நடந்ததைச் சொன்னாள். பாதியில் நாக்கு மேலண்ணத்தோடு ஒட்டிக்கொண்டது. காலையிலிருந்து அவள் பச்சைத் தண்ணீர் பல்லில் படாமல் இருந்திருக்கிறாள். சொல் வராமல் வாயை மட்டும் அசைத்தாள்.

அவர் ஊசி குத்தாத கையை நீட்டித் தலைமாட்டிலிருந்த பாட்டிலை எடுத்தார். மூடியைப் பல்லால் கடித்துத் திறந்தார். மிச்சமிருந்த தண்ணீரை அவள் பக்கம் நீட்டினார்.

“முதல்ல இதைக் குடி,” என்றார்.